மராத்தி நாவல்களும் நாம் எழுதாத பக்கமும்

(எல்கடுவவில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவுக்கு ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். அதற்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். தேத்தண்ணியில் சீனியைக் குறையுங்கள் என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறோம். இன்று பேச வந்தது நாவல்களைப் பற்றி.

சில ஆண்டுகளாகப் பழைய மாணவிகள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசி வருகிறோம். எல்கடுவவிலும் உக்குவளையிலும் மாத்தளையிலும் இருப்பவர்கள் உண்டு. கொழும்பிலும் சென்னையிலும் டொரொன்டோவிலும் இருப்பவர்கள் உண்டு. மும்பைக்கு வாழ்க்கைப்பட்டுப் போய் மராத்தி எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட ஒரு அக்காவும் உண்டு. வைத்தியர், ஆசிரியை, தாதி, வங்கியில் இருப்பவர், வீட்டோடு இருப்பவர் என்று எல்லோரும் கலந்த கூட்டம் இது. ஆகவே இந்தப் பேச்சில் 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் அந்தக் கூட்டத்தின் குரல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வாய் மட்டுந்தான் ஒன்று.

மராத்தி நாவல் என்றதும் எங்கள் அம்மாமார் காலத்தில் ஒரே பெயர்தான். வி. ஸ. காண்டேகர். கா. ஸ்ரீ. ஸ்ரீ. தமிழாக்கிய அந்த நாவல்கள் தமிழ் நாவல்களாகவே வீடுகளுக்குள் புழங்கின. அவர் வேறு மொழிக்காரர் என்பதே பலருக்கு நினைவில்லை. 1959இல் வந்த 'யயாதி'க்காகப் பின்னாளில் அவருக்கு ஞானபீட விருது கிடைத்தது. எங்களில் சிலருக்கு அந்தப் புத்தகங்கள்தான் முதல் பெரிய வாசிப்பு. இன்று திரும்பப் படித்தால் அவற்றில் ஏழ்மையும் அநீதியும் இல்லாமலில்லை. ஆனால் அவற்றைக் கண்டு கலங்குகிற மனம் எப்போதும் படித்தவரின் மனம், வசதியுள்ளவரின் மனம். பசித்தவர் அங்கே பார்க்கப்படுகிறார். அவர் திரும்பி நம்மைப் பார்ப்பதில்லை.

மராத்தி நாவல் ஒரு சமூகக் கேள்வியோடுதான் பிறந்தது. அம்மொழியின் முதல் நாவலாகச் சொல்லப்படும் பாபா பத்மன்ஜியின் 'யமுனா பர்யடன்' 1857இல் வந்தது. கைம்பெண்களின் நிலையே அதன் பொருள். தமிழில் 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சேறியது அதற்கு 22 ஆண்டு கழித்து. தொடங்கிய இடமே அப்படி இருந்தும், காண்டேகருக்கு அப்பால் மராத்தியில் என்ன இருக்கிறது என்று நாங்கள் தேடியதில்லை. மும்பை அக்கா சேர்ந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அவர் ஒவ்வொரு நாவலையும் அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொல்லுவார். கதை கேட்கும் பிள்ளைகள் போல நாங்கள் 'ம்' கொட்டிக் கேட்டிருப்போம்.

அவர் முதலில் சொன்னது 'பளி' என்ற நாவல். 1950இல் வந்தது. பளி என்றால் பலி. விபாவரி ஷிரூர்கர் என்ற புனைபெயரில் எழுதிய மாலதி பேடேகர், 1930களில் தன் முதல் கதைத் தொகுப்பைப் புனைபெயரில் வெளியிட்டுப் பெரிய பரபரப்பை உண்டாக்கியவர். பெண்கள் தங்கள் மனதில் உள்ளதை அச்சில் சொன்னதைச் சமூகத்தால் தாங்க முடியவில்லை. அவர் பின்னர் அரசாங்க உத்தியோகத்தில் 'குற்றப்பரம்பரை' என்று முத்திரை குத்தப்பட்டவர்களை அடைத்து வைத்த குடியேற்றம் ஒன்றில் வேலை பார்த்தார். அங்கே கண்டதுதான் 'பளி'.

குற்றப்பரம்பரைச் சட்டத்தை வெள்ளைக்காரர் 1871இல் கொண்டுவந்தார்கள். ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்றது அந்தச் சட்டம். பெயர் பதிந்தவர் குறித்த நேரத்தில் வந்து ஆஜர் சொல்ல வேண்டும். அனுமதியில்லாமல் எல்லையைத் தாண்டக்கூடாது. தமிழ்நாட்டுத் தென் மாவட்டங்களிலும் அது இருந்தது. அங்கே அதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள்.

கம்பி வேலி, வேலிக்குள் வரிசை வரிசையாகக் குடியிருப்பு, விடியற்காலையில் பெயர் கூப்பிடுதல். அக்கா இதைச் சொல்லிக்கொண்டு வரும்போது மறுமுனையில் யாரோ மெதுவாக, "இது பெரட்டுதானே?" என்றார். நம் தோட்டங்களில் விடியற்காலை பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, பெயர் கூப்பிட, மலை பிரித்துக் கொடுக்க, வேலைக்குப் போனவர்கள்தானே நம் ஆட்கள். பிந்தி வந்தால் அரைப்பேர். நம்மவர் யாரும் குற்றவாளி என்று பதியப்படவில்லை, உண்மைதான். ஆனால் மனிதரை எண்ணுகிற முறை ஒன்றாகவே இருந்தது. 'பளி'யை எழுதியவர் எண்ணப்பட்டவர்களில் ஒருவர் அல்லர். எண்ணுகிற பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர். அதை மறைக்காமல் எழுதியதுதான் அவரிடம் எங்களுக்குப் பிடித்தது. வைத்தியர்களும் அந்த மேசைப் பக்கத்து ஆட்கள்தான். 'பெயர், வயது, விலாசம்' என்று கேட்டு எழுதுகிற கை எங்களுடையது.

அடுத்து அண்ணாபாவ் சாட்டே. அவரைப் பற்றிக் கேட்ட பிறகு பல நாள் எங்கள் பேச்சு அவரைச் சுற்றியே இருந்தது. 1920இல் சாங்லி மாவட்டத்து வாட்டேகாவ் கிராமத்தில் மாங் சாதியில் பிறந்தவர். தீண்டாமைக்கும் குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கும் ஒருங்கே ஆளான சாதி அது. பாடசாலைப் படிப்பு இல்லையென்றே சொல்லவேண்டும். சிறுவனாகக் குடும்பத்தோடு ஊரிலிருந்து மும்பைக்கு நடந்தே போனவர். அங்கே கூலி வேலை, ஆலை வேலை. பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து, செங்கொடிக் கலைக்குழு அமைத்து, தமாஷா மேடைகளில் தொழிலாளருக்காகப் பாடினார். 1959இல் 'ஃபகிரா' என்ற நாவலை எழுதி அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். பஞ்சத்தில் தானியத்தைக் கொள்ளையடித்துச் சனங்களுக்குக் கொடுத்த, வெள்ளையரை எதிர்த்து நின்ற ஒரு மாங் வீரனின் கதை.

மும்பைக்கு நடந்த அந்தச் சிறுவனை நினைத்தபோது, 2023இல் இந்தப் பக்கம் நடந்த நடைபவனி எங்கள் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். இதே பாதையில்தான் கோப்பிக் காலத்தில் நம் பாட்டன் பூட்டன்மார் காடு வழியே, காய்ச்சலிலும் கழிச்சலிலும் செத்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு, தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தார்கள். மாத்தளை அவர்களுக்கு வாசற்படி. எங்களில் இரண்டு பேர் கடைசி நாள் நடையில் சேர்ந்து நடந்தார்கள்.

இப்போது சாட்டேயிடம் திரும்புவோம். அவர் வர்க்கம் பேசியவர், செங்கொடி பிடித்தவர். ஆனால் தன் நாயகனின் சாதி இன்னது என்று முதல் பக்கங்களிலேயே சொல்லிவிடுகிறார். இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம், மற்றதைச் சொன்னால் ஒற்றுமை கெடும் என்று அவர் நினைக்கவில்லை. இந்தக் கருத்து எங்களைத் தைத்தது. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறோம்.

மராத்தியை விட்டுக் கன்னடத்துக்கு ஒரு நடை. யு. ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' 1965இல் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. ஓர் அக்கிரகாரத்தில் நாரணப்பன் என்ற பிராமணன் இறந்துவிடுகிறான். குடித்தவன், இறைச்சி தின்றவன், சந்திரி என்ற தாழ்ந்த சாதிப் பெண்ணோடு வாழ்ந்தவன். அவனுக்கு யார் கொள்ளி வைப்பது? வைத்தால் சாதி போகும். வைக்காவிட்டால் பிணம் கிடக்கும் வரை யாரும் சாப்பிட முடியாது. பிராணேசாசாரியார் ஓலைச்சுவடிகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். பிணம் நாறுகிறது.

இலக்கியம் படித்தவர்கள் இந்த நாவலில் தர்மசங்கடத்தைப் பார்ப்பார்கள். எங்களில் வைத்தியம் படித்தவர்கள் எலிகளைப் பார்த்தோம். நாரணப்பன் செத்தது பிளேக்கில். எலிகள் வீட்டுக்குள் சுற்றிச் சுழன்று செத்து விழுகின்றன. கழுகுகள் கூரையில் வந்து உட்காருகின்றன. ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுகிறார்கள். மருத்துவ மாணவிக்குக்கூட இரண்டாம் வருஷத்தில் தெரிந்துவிடும் அறிகுறிகள். ஆனால் அக்கிரகாரம் அதைச் சகுனம் என்கிறது. தீட்டு எது என்ற கேள்வியில் மூழ்கிக் கிடந்தவர்களுக்குத் தொற்று எது என்று தெரியவில்லை. கடைசியில் அந்த உடலை எரிக்க உதவியது ஒரு முஸ்லிம் மீன் வியாபாரி. அதுவும் இரவோடு இரவாக, சந்திரி கெஞ்சிக் கேட்டதால். சாதி என்றால் ஒருவரை ஒருவர் இழிவுபடுத்துவது என்று மட்டுமே நாங்கள் நினைத்திருந்தோம். உயர்ந்தவர் என்று சொல்லிக்கொள்பவரின் கண்ணையும் அது மறைத்துக் கொல்லும் என்று இந்த நாவல் காட்டியது. சமுதாய மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இதை வாசிக்க வேண்டும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

வைத்தியர் பேச்சு வந்ததால் ஒரு சின்ன விலகல். தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய இந்திய நாவல்களைத் தேடினோம். முல்க் ராஜ் ஆனந்தின் 'டூ லீவ்ஸ் அண்ட் எ பட்' 1937இல் வந்தது. இரண்டு இலையும் ஒரு குருத்தும் என்று பெயரே நமக்குச் சொந்தம். பஞ்சாபிலிருந்து அசாம் தோட்டத்துக்கு ஆசை காட்டி அழைத்து வரப்பட்ட கங்கு என்ற விவசாயியின் கதை. அதில் தொழிலாளர் பக்கம் நிற்கும் வெள்ளைக்காரர் ஒரு டாக்டர். அடுத்து 'ரெட் டீ', 1969. எழுதிய பி. எச். டேனியல் 1940களில் ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராக வேலை பார்த்தவர். முதிய தொழிலாளர் வாயால் கேட்டதைக் கொண்டு எழுதினார். கதைக்குள்ளும் ஒரு வைத்தியர் வருகிறார். இரா. முருகவேள் இதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். இதைத் தழுவித்தான் 2013இல் பாலாவின் 'பரதேசி' படம் வந்தது. நம் நாட்டில் 'மலைக்கொழுந்து' எழுதிய நந்தியும் வைத்தியர்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவப் பேராசிரியராக இருந்த செ. சிவஞானசுந்தரம் அவர்கள்.

தேயிலை மலையில் வைத்தியர்கள் ஏன் இப்படி நாவல் எழுதக் கிளம்பினார்கள்? தொழிலாளியின் காம்பிராவுக்குள் துரைக்குப் போக வேண்டிய தேவையில்லை, கிளாக்கரும் போகமாட்டார். காய்ச்சல் கண்டால் வைத்தியர் போவார். எத்தனை பேர் ஒரு காம்பிராவில் படுக்கிறார்கள், அடுப்புப் புகை எங்கே போகிறது, பிரசவம் எங்கே நடக்கிறது என்று பார்த்துவிடுவார். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாதவர் எழுதினார். ஆனால் எவ்வளவு நல்ல மனத்தோடு எழுதினாலும் அது வெளியிலிருந்து வந்தவரின் பார்வை என்பதை 'ஃபகிரா'வோடு வைத்துப் படித்தால் உணரலாம்.

இனி நம் புத்தகங்கள். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', சி. வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்', 'இனிப்படமாட்டேன்', தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை'. நம் மாத்தளையில் மலரன்பனும் மாத்தளை வடிவேலனும் மாத்தளை சோமுவும் சேர்ந்து தந்த 'தோட்டக் காட்டினிலே' என்ற சிறுகதைத் தொகுப்பு. நம்மை இழிவாகக் கூப்பிட்ட 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லையே எடுத்துத் தலைப்பாக்கிய துணிச்சல் அது. இவற்றைப் பழைய மாணவிகள் எல்லோரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

இந்திய நாவல்களைப் படித்துவிட்டு இவற்றுக்குத் திரும்பி வந்தபோது ஒன்றைக் கவனித்தோம். இவற்றில் துரை இருக்கிறார், பெரிய கங்காணி இருக்கிறார், கடனும் கள்ளுக்கடையும் லயமும் மழையும் அட்டையும் இருக்கின்றன. குடியுரிமை பறிபோன வேதனை இருக்கிறது. சாதி அடியில் எங்கேயோ ஓடுகிறது. கதையின் முதுகெலும்பாக அது எழுந்து நிற்பது அரிது. தோட்டத்தில் பொழுது விடிந்ததே பெரட்டுத் தப்பின் ஓசையில்தான். அந்த ஓசை நம் எழுத்தில் நிறையக் கேட்கிறது. அந்தத் தப்பை அடித்த கை யாருடையது, அவர் ஏன் அந்த வேலைக்கு வந்தார், தோட்டத்துக் கோயிலில் அவர் எந்த இடத்தில் நின்று சாமி கும்பிட்டார் என்ற கேள்விகள் பெரும்பாலும் கேட்கப்படவில்லை.

நம் ஆட்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். கங்காணிமாரில் பலர் அவர்களுக்கு மேற்பட்ட சாதியினர். ஒரு கங்காணி தன் ஊரிலிருந்து ஆள் கட்டி வந்தார். வந்த ஆட்களை அந்தந்தக் கூட்டமாகவே லயங்களில் வைத்தார்கள். இதனால்தான் லயத்து இலக்கம் கேட்டால் சாதி தெரிந்தது. இதையெல்லாம் விரிவாக எழுதியவர் ஒட்வார் ஹொலுப் என்ற நோர்வே ஆய்வாளர். அவருடைய நூல் 1994இல் வந்தது. நம் வீட்டு விஷயத்தை நோர்வேக்காரர் எழுதித்தான் நாம் படிக்க வேண்டியிருந்தது என்று எங்களில் ஒருவர் சலித்துக்கொண்டார்.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். தோட்டங்களில் ராத்திரி ராத்திரியாக ஆடிய 'பொன்னர் சங்கர்' கூத்து நிலம் ஆண்ட ஒரு சாதியின் வீரக்கதை. ஒரு முழம் நிலம் சொந்தமில்லாதவர்கள் அதை எவ்வளவு உருக்கமாகப் பாடினார்கள். அழுதும் இருக்கிறார்கள்.

நம் எழுத்தாளர்கள் ஏன் இதைத் தொடவில்லை? அவர்களைப் பழிக்க நாங்கள் வரவில்லை. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்கில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. சி. வி.யும் அவர்களில் ஒருவர். அடுத்த ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்திட்டு 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென்றும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். நாடற்றவராய் மிஞ்சியிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் வந்தது 2003இல்தான். இப்படி எல்லோர் தலையிலும் ஒரே அடி விழும்போது, நமக்குள் நீ யார், நான் யார் என்று கேட்க யாருக்கு மனம் வரும்? 'மலையகத் தமிழர்' என்ற ஒரு பெயரைக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. அந்தப் பெயர் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் 'இந்தியத் தமிழர்' என்று எழுதப்பட்ட பிள்ளைக்கு இந்த மண்ணின் பெயர் ஒன்று வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் மேலே சொன்ன எழுத்தாளர்கள்தான்.

ஆனாலும் சாட்டே ஞாபகம் வருகிறார். யாழ்ப்பாணத்தில் கே. டானியலும் ஞாபகம் வருகிறார். அவரும் செங்கொடிக்காரர்தான். கோயில் நுழைவுக்கும் தேநீர்க்கடை நுழைவுக்கும் நடந்த போராட்டங்களின் சூட்டோடு 1972இல் 'பஞ்சமர்' எழுதினார். யாழ்ப்பாணத்துச் சாதியைப் பற்றி யாழ்ப்பாணத்தாரே எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டில் எழுதிவிட்டார்கள். மகாராஷ்டிரத்தில் தயா பவார் 1978இல் 'பலூத்தா' என்ற தன்கதையில் மகர் சாதியாரின் வாழ்வைச் சொன்னார். பரம்பரை ஊழியத்துக்கு ஊர் கொடுக்கும் தானியப் பங்குக்குத்தான் பலூத்தா என்று பெயர். நாம் மட்டும் 'மலையகத்தில் சாதி எல்லாம் கிடையாதுங்க' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கிடையாதா? பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது போனில் வரும் கேள்விகளை நினைத்துப் பாருங்கள். "உங்க அப்பாயி, தாத்தாவெல்லாம் எந்தத் தோட்டம்? எத்தனையாம் நம்பர் லயம்? இந்தியாவுல எந்த ஊரு?" கேட்பவர் சாதி என்ற சொல்லை உச்சரிப்பதேயில்லை. பதில் கிடைத்ததும், "பொருத்தம் சரியில்லைன்னு ஜோசியர் சொல்லிட்டாருங்க" என்று முடித்துக்கொள்கிறார். பட்டதாரி ஆசிரியையாக இருக்கும் நம் தங்கை ஒருவருக்கு இப்படி நான்கு முறை நடந்தது. நான்கு ஜோசியரும் தோட்ட லயத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது. கிளினிக்கிலும் குடும்ப வரலாறு கேட்டால் "சொந்தத்துலதான் கட்டினது" என்பார்கள். சிலசமயம் அது அத்தை மகனைக் குறிக்கும். சிலசமயம் சாதியைக் குறிக்கும். இரண்டில் எது என்று மறுபடி கேட்டால்தான் பரம்பரை நோயைப் பற்றிச் சரியாகச் சொல்ல முடியும். கேட்டால் அந்த அம்மா தலையைக் குனிந்துகொள்வார்.

ஆகப் பேசாததால் அது போய்விடவில்லை. ஆண்கள் நாவலில் எழுதாமல் விட்டதைப் பெண்கள் கலியாணப் பேச்சில் சுமந்துகொண்டிருக்கிறோம். இந்த மேடையில் எங்கள் முறைப்பாடு இது ஒன்றுதான்.

கடைசியாக ஒரு புத்தகம். சாத்தாரா மாவட்டம் பல்டண் ஊரில் பேபி காம்ப்ளே என்ற மகர் பெண் சின்னக் கடை ஒன்று வைத்திருந்தார். வியாபாரம் இல்லாத நேரத்தில் எழுதுவார். எழுதியதைக் கணவருக்குத் தெரியாமல் ஒளித்து வைப்பார். இப்படி ஏறத்தாழ இருபது ஆண்டு ஒளிந்திருந்த எழுத்து 1986இல் புத்தகமாக வந்தது. தலைப்பு 'எங்கள் வாழ்வு' என்று பொருள்படும். தன் கதையைச் சொல்ல வந்தவர் 'என் வாழ்வு' என்று வைக்கவில்லை. தமிழில் பாமாவின் 'கருக்கு' வந்தது 1992இல். சாதியை வெளியே இருந்து வந்து மிதிக்கும் காலாக மட்டும் இவர்கள் காட்டவில்லை. காம்ப்ளே தன் வீட்டு ஆண்கள் பெண்களை என்ன பாடு படுத்தினார்கள் என்பதையும் எழுதினார். அதற்காகத்தான் ஒளித்து வைக்க வேண்டியிருந்தது.

இதைப் பேசிய ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் அம்மாமார், அம்மாயிமார், அப்பாயிமார் சொல்வதை எழுதி வைத்தால் என்ன? நாவல் எழுதும் கை எங்களில் யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. எழுதி வைக்கும் கை இருக்கிறது. பெரட்டு எத்தனை மணிக்கு, பிள்ளை மடுவத்தில் யார் பார்த்துக்கொண்டது, தண்ணீர் பீலியில் யார் முதலில் பிடிப்பது, யார் வீட்டில் கை நனைப்பது, யார் வீட்டில் நனைக்கக் கூடாது, எந்தச் செம்பில் தேத்தண்ணி கொடுப்பது. இப்போது இரண்டு கொப்பி நிறைந்திருக்கிறது. எழுபது வயதைத் தாண்டிய பதினொரு பேர் பேசியிருக்கிறார்கள். மடுவத்தில் கொழுந்து நிறுத்த கதையைச் சொல்லிச் சிரித்தவர்கள் செம்பின் கதைக்கு வந்ததும் "அதை எழுதாதே கண்ணு" என்றார்கள். இரண்டு பேர் மட்டும் "எழுதிக்கோ, நான் செத்த பிறகு போடு" என்றார்கள்.

எழுதுவதா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. "பிள்ளைகளுக்குத் தெரியாமல் போனதே புண்ணியம். மறந்துகொண்டு வருகிறதை ஏன் கிளறுகிறீர்கள்?" என்று கேட்கிறார் ஒரு அக்கா. முப்பது வருஷம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவர். நாங்கள் மதிக்கும் ஆள். மேல்தோல் மூடியது ஆறியதாகாது என்று வைத்தியம் படித்தவர்கள் சொன்னோம். அதற்கு அவர், "கத்தி வைக்கப்போவது யார் உடம்பில்?" என்று திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி. சாதிப் பெயரை எழுதினால் கூச்சப்படப்போவது கீழே வைக்கப்பட்டவர்தான். மேலே இருந்தவர் கூச்சப்படப்போவதில்லை. சாட்டேயும் காம்ப்ளேயும் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள். நாங்கள் எழுதுவது இன்னொருவர் பெயரை. இந்த வித்தியாசத்தை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போதைக்கு ஓர் ஏற்பாடு. சொன்னவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் தனிக் கொப்பியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். சொன்னதை அவருக்கே திரும்ப வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பக்கத்தை மட்டும் தட்டச்சுக்குக் கொடுக்கிறோம். மேற்சாதி என்று சொல்லிக்கொண்ட குடும்பங்களின் பெண்களிடமும் கேட்க வேண்டும் என்று அந்த அக்காவே சொன்னார். செம்பை வாங்கியவரைப் போலவே, எட்ட நின்று ஊற்றியவரும் பேசட்டும் என்கிறார் அவர். இதுவரை அந்தப் பக்கத்திலிருந்து ஒருவரும் முன்வரவில்லை. இந்தக் கூட்டத்தில் யாராவது இருந்தால் தேநீர் நேரத்தில் எங்களைக் காணுங்கள்.

பாடசாலை நூலகத்துக்கு இன்று 'பஞ்சமர்', 'எரியும் பனிக்காடு', 'சம்ஸ்காரா', 'கருக்கு', 'தூரத்துப் பச்சை' ஆகியவற்றில் இரண்டிரண்டு பிரதிகள் தருகிறோம். மராத்திப் புத்தகங்களை மும்பை அக்கா ஒவ்வொன்றாக அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டம் வரும் போயா விடுமுறையன்று காலை 10 மணிக்கு, இம்முறை தொலைபேசியில் அல்ல, எல்கடுவவில் நேரிலேயே. மதியச் சாப்பாடு உண்டு. அப்பாயிமாரைக் கூட்டி வாருங்கள், வாகனம் அனுப்புகிறோம்.